வேறுபாடு இல்லை என்று சான்றளிக்கிறேன்

விதிநூல் வெளியீட்டு அலுவலகத்தில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். தொலைபேசியில் யாராவது "அரைப்புள்ளி இருக்காரா?" என்று கேட்டால், குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு "பேசுறேன்" என்பார்.

பெயர் வந்தது பதினொரு வருஷத்துக்கு முன்னால். 'பணியாளர் பொது விதிகள்' என்ற புத்தகம் மறுபதிப்புக்கு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் இருநூற்று முப்பத்தோராம் பக்கத்தில், பழைய பதிப்பில் அரைப்புள்ளி இருந்த இடத்தில் புதியதில் காற்புள்ளி இருந்தது. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அச்சு இயந்திரம் நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் அரைப்புள்ளி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அப்போதைய இயக்குநர் கூட்டம் போட்டு, 'பிழை தப்பாத கண்' என்று எழுதிய மரப்பலகை ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அந்தப் பலகை அன்றிலிருந்து அவர் மேசையில் இருந்தது. முகம் வாசலைப் பார்த்து இருந்தது. அவருக்குத் தன் கண்ணைப் பற்றித் தெரியும், வருகிறவர்களுக்குத்தானே தெரியவேண்டும்.

அலுவலகத்தின் வேலை, எல்லாத் துறைகளின் விதிப் புத்தகங்களையும் தீரத் தீர மறுபடி அச்சிடுவது. ஒவ்வொரு மறுபதிப்பும் முந்தையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். அதைப் பார்ப்பதற்கு இரண்டாம் மாடியில் ஒப்புநோக்குப் பிரிவு என்று ஓர் அறை. ஓர் அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. அறையில் இரண்டு பேர். ஒருவர் பழைய புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் புதிய புத்தகத்தில் வரிக்கடியில் அடிக்கோல் வைத்து, கேட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டு போவார். பக்கம் முடிந்ததும் இரண்டு பேரும் மூலையில் கையெழுத்துப் போடுவார்கள். புத்தகம் முடிந்ததும் படிவம் ஒன்பதில் 'வேறுபாடு இல்லை என்று சான்றளிக்கிறேன்' என்று அச்சடித்திருக்கும் வரிக்குக் கீழே அரைப்புள்ளி கையெழுத்திடுவார். படிவத்தில் வேறு வரி கிடையாது. வேறுபாடு இருந்தால், இல்லாமல் போகும்வரை திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

வாசிப்பவரை அவர் அக்கா என்று கூப்பிடுவார். ஏழு வயது மூத்தவர். அக்காவின் குரல் ஒரே சீராக ஓடும். "பணியாளர் காற்புள்ளி தம் மேலதிகாரியின் காற்புள்ளி அல்லது அடைப்புக்குறி ஆரம்பம் மேலதிகாரி இல்லாதபோது அடைப்புக்குறி முடிவு." நாள் பூராவும் இப்படி வாசித்து வாசித்து, அக்கா தொலைபேசியில் கணவரிடம் பேசும்போதும் "சாப்பிட்டீங்களா கேள்விக்குறி" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

கணவர் தொலைபேசியில்தான் இருந்தார். ஏழு மணி நேரப் பேருந்துப் பயணத் தூரத்தில், ஒரு துறைமுகத்தில், லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. இரண்டு வெள்ளிக்கிழமைக்கு ஒரு முறை அக்காவின் மேசைக்கடியில் ஒரு நீலப் பை இருக்கும். ஐந்து மணிக்கு அக்கா அதைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடுவார். திங்கட்கிழமை காலையில் இறங்கி நேரே அலுவலகம் வருவார். அன்று மட்டும் குரல் கொஞ்சம் கரகரக்கும். ஒரு தடவை இடமாற்றம் கேட்டு எழுதிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அதற்கப்புறம் கேட்கவில்லை. அரைப்புள்ளி திங்கட்கிழமைகளில் அவருக்காக வாசலருகே இருந்த மின்விசிறியைத் திருப்பி வைப்பார். தன்னால் ஆன உதவி அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய மைத்துனி, அதாவது மனைவியின் தங்கை, கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒப்பந்தப் பத்திரங்களை மொழிபெயர்ப்பது அவள் தொழில். வாடிக்கையாளர் ஒருவர் பத்திரத்தைத் திருத்தி அனுப்பியிருந்தார். எங்கே திருத்தினேன் என்று சொல்லவில்லை. அவள் ஏதோ ஒரு மென்பொருளைத் திறந்து, பழைய கோப்பை இடது பக்கமும் புதியதை வலது பக்கமும் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினாள். நீக்கியதெல்லாம் சிவப்பாகவும் சேர்த்ததெல்லாம் பச்சையாகவும் வந்து நின்றன.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார் அரைப்புள்ளி.

"எதுக்கு அத்தான்?"

"இப்ப பண்ணினியே, அதுக்கு."

"அமுக்கினேனே, அவ்வளவுதான். உங்க ஆபீஸ்ல இதை வெச்சுத்தானே பண்ணுவீங்க?"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி சொன்னாள்: "அவங்க ஆபீஸ்ல அடிக்கோல் வெச்சுப் பண்ணுவாங்க. வருஷா வருஷம் புது அடிக்கோல் குடுப்பாங்க."

"இது என்ன விலை?" என்றார் அவர்.

"இலவசம் அத்தான். யார் வேணா எடுத்துக்கலாம்."

இலவசம் என்றதும் அவருக்கு மனசு லேசானது. இலவசமாகக் கிடைப்பது என்ன லட்சணத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இது சிவப்பையும் பச்சையையும் காட்டும். ஓர் அரைப்புள்ளியைக் காட்டுமா? அந்தக் கணத்தில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளும் ஆசை இல்லை. தான் பார்த்து முடித்த புத்தகத்தை இதனிடம் கொடுத்து, 'வேறுபாடு இல்லை' என்று இதன் வாயாலேயே சொல்ல வைக்கவேண்டும். மனிதர்கள் பாராட்டி அலுத்துப்போயிற்று. ஓர் இயந்திரமும் பாராட்டிவிட்டால் ஓய்வு பெறும்வரை தாங்கும்.

மறுநாள் உணவு இடைவேளையில், அக்கா கீழே போயிருந்தபோது, அந்த மென்பொருளை அறைக் கணினியில் இறக்கினார். பழைய 'பொது விதிகள்' கோப்பும் மறுபதிப்புக் கோப்பும் அந்தக் கணினியிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. யாரும் திறந்ததில்லை. மின்கோப்பு ஆவணமாகாது, அச்சிட்ட தாளே ஆவணம் என்று அலுவலகக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டையும் போட்டு அமுக்கினார். இருநூற்றுப் பதினான்கு வேறுபாடுகள் என்று வந்தது.

அவருக்கு வியர்த்தது. மைத்துனியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வெற்றிடத்தையெல்லாம் கணக்குல எடுத்திருக்கும் அத்தான். ஓரமா ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, வெற்றிடங்களைப் புறக்கணின்னு. அதுல டிக் போடுங்க."

போட்டார். இருநூற்றுப் பதினான்கு மூன்றாகச் சுருங்கியது. மூச்சு வந்தது. முதலாவது, பதிப்பித்த ஆண்டு. அது மாறத்தான் வேண்டும். இரண்டாவது, அச்சகத்தின் முகவரி. அதுவும் அப்படித்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இயந்திரத்துக்கும் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம் என்று நினைத்தபடி மூன்றாவதைப் பார்த்தார்.

இருநூற்று முப்பத்தோராம் பக்கம். விதி நாற்பத்தேழு, உட்பிரிவு மூன்று. பழைய பதிப்பில் இப்படி இருந்தது: 'கணவரோ மனைவியோ வேறு ஊரில் பணிபுரியும் நிலையில், ஐந்தாண்டு பணி முடித்த பணியாளர் கோரும் இடமாற்றத்தை மறுக்கலாகாது.' புதிய பதிப்பில் கடைசிச் சொல் 'மறுக்கலாகும்' என்று இருந்தது. 'காது' சிவப்பு. 'கும்' பச்சை.

அதே வாக்கியத்துக்கு மேலே, இரண்டு வரி தள்ளி, அவருடைய அரைப்புள்ளி இருந்தது. கறுப்பாக, சரியாக, ஒரு குறையும் இல்லாமல்.

அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. காற்புள்ளியைப் பார்த்ததும் அவர் அக்காவை நிறுத்தி, எழுந்து நின்று, ஜன்னல்வரை நடந்து திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் கண் அந்தப் புள்ளி மேலேயே இருந்தது. அக்கா மேலே வாசித்துக்கொண்டு போனார். இவர் அடிக்கோலை நகர்த்திக்கொண்டு போனார். அடுத்த சில வரிகள் முழுக்க அவர் கேட்டது, கூட்டத்தில் தனக்குக் கைதட்டப்போகும் சத்தத்தை.

அக்கா இடமாற்றம் கேட்டு எழுதியது அதற்கு அடுத்த வருஷம்.

நான்கு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நடுவில் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை வந்தது, மேசைக்கடியில் நீலப் பை வந்தது. கால் அந்தப் பைமேல் பட்டுவிடாமல் இருப்பதற்காக அவர் நாள் பூராவும் கால்களைப் பின்னால் மடக்கி உட்கார்ந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் கண்காணிப்பாளரிடம் போனார். ஒப்புநோக்குப் பிரிவும் இன்னும் நான்கு பிரிவுகளும் அவர் பொறுப்பில் இருந்தன.

"சார், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நாம சான்று குடுத்த புத்தகத்துல ஒரு பிழை இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும்," என்றார் கண்காணிப்பாளர். "பிழை இருக்கிறது வேற, பிழை தெரிய வர்றது வேற. இருக்கிற பிழையால அலுவலகத்துக்கு ஒரு கஷ்டமும் இல்ல. பல வருஷமா அது பாட்டுக்கு இருக்கும். தெரிய வர்ற பிழைதான் ஆபத்து. யாருக்குத் தெரிஞ்சுது?"

"ஒரு மென்பொருளுக்கு சார்."

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். "மென்பொருளா? யார் அனுமதி குடுத்தா?"

இப்படியாக, பிழையைப் பற்றிப் பேசப்போன விஷயம் மென்பொருளைப் பற்றிய விசாரணையாக மாறியது. அந்த வாரமே இயக்குநர் அறையில் கூட்டம். இயக்குநர், கண்காணிப்பாளர், கணினிப் பிரிவு அதிகாரி. சுவரோரம் அரைப்புள்ளி. அவர் கையில் அலுவலகம் கொடுத்த அடிக்கோல் இருந்தது. எதற்காக எடுத்துக்கொண்டு வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"இதை யார்கிட்ட வாங்கினீங்க?" என்றார் இயக்குநர்.

"வாங்கல சார். இலவசம்."

"அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. காசு குடுத்து வாங்கினா, தப்பு வந்தா கூப்பிட்டுத் திட்ட ஒரு ஆள் இருப்பான். இலவசமா குடுத்தவனை எங்க போய்த் தேடுறது? இந்த அலுவலகத்துல எதுக்கும் ஒரு பொறுப்பாளர் வேணும். நான் பொறுப்பாளர்னு சொல்ல வரல. பொதுவா ஒருத்தர் வேணும்."

கணினிப் பிரிவு அதிகாரி தொண்டையைச் செருமினார். "இதோட நிரல் பூராவும் எல்லாருக்கும் திறந்து கெடக்கு சார். யார் வேணா உள்ள போய்ப் பார்க்கலாம். நம்ம விதிகளையெல்லாம் இதுகிட்டக் காட்டினா ரகசியம் என்ன ஆகுறது?"

"நம்ம விதிகள் கடையில விக்குது சார்," என்றார் அரைப்புள்ளி.

"விக்கிறது வேற. வாங்கினவங்க படிக்கிறதில்ல. இது படிக்குது."

இயக்குநர் அதை ஆமோதித்தார். பிறகு எழுந்து நின்று, மூன்று பேருக்கு முன்னால், முப்பது பேருக்குப் பேசுவதுபோலப் பேசினார். "இந்த நிறுவனம் நவீனத்துக்கு எதிரி இல்ல. நாங்க கணினி வாங்கினோம். கணினிக்கு உறை வாங்கினோம். ஆனா அவசரப்பட மாட்டோம். முதல்ல இந்த மென்பொருள் சொல்றது சரியான்னு பார்க்கணும். அதைச் சரிபார்க்கத் தகுதியான ஒரே பிரிவு எது? ஒப்புநோக்குப் பிரிவு. ஆகவே 'பொது விதிகள்' பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்புநோக்குப் பிரிவு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சு, மென்பொருள் சொன்னது உண்மையான்னு அறிக்கை தரட்டும்."

ஒரு நொடியில் முடிந்த காரியத்தைச் சரிபார்க்க ஆறு வாரம் ஒதுக்கப்பட்டது. அரைப்புள்ளிக்குப் புதிய அடிக்கோல் கொடுத்தார்கள்.

அவர் நினைத்திருந்தால் முதல் நாளே இருநூற்று முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கலாம். சொல்லப்போனால், சொல்வதற்காக மூன்று தடவை வாயைத் திறந்தார். "என்ன தம்பி?" என்று அக்கா கேட்டதும் "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்றார். மூன்றாவது தடவை ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது. பக்கம் தானாக வரும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம். அவர் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக வேலை நடக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதே இல்லை. அப்படியும் இருபதாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பக்கம் வந்துவிட்டது.

"நம்ம பக்கம்," என்றார் அக்கா சிரித்துக்கொண்டு. "உங்க புள்ளி வருது தம்பி."

வாசித்தார். அரைப்புள்ளி வந்தது, போனது. "உட்பிரிவு மூன்று. கணவரோ மனைவியோ வேறு ஊரில் பணிபுரியும் நிலையில் காற்புள்ளி ஐந்தாண்டு பணி முடித்த பணியாளர் கோரும் இடமாற்றத்தை மறுக்கலாகாது முற்றுப்புள்ளி. உட்பிரிவு நான்கு."

"அக்கா, நில்லுங்க."

அக்கா நிறுத்தினார். அவர் புதிய புத்தகத்தைத் திருப்பி, அடிக்கோலோடு சேர்த்து அக்காவின் பக்கம் தள்ளினார். அக்கா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தார். வாய்க்குள்ளேயே ஒரு தடவை படித்தார். பிறகு தன் கையிலிருந்த பழையதைப் படித்தார். பிறகு மறுபடி புதியதை. பக்கத்தின் மூலையில் இருந்த இரண்டு கையெழுத்துகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரோ கீழேயிருந்து மோட்டாரை நிறுத்தினார்கள்.

"எப்போ இருந்து தெரியும்?" என்றார் அக்கா.

"ஒன்றரை மாசம் ஆச்சுக்கா."

"எனக்கு வந்த பதில்ல, நாற்பத்தேழு மூன்றின்படி மறுக்கப்படுகிறதுன்னு போட்டிருந்துச்சு. எனக்கு அப்பவே என்னவோ மாதிரி இருந்துச்சு. மறுக்கக் கூடாதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகம். புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம்னு அலமாரி வரைக்கும் போனேன்." அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் எடுக்கல. நாம சரி பார்த்த புத்தகமாச்சே, அதுல என்ன தப்பு இருக்கப்போகுதுன்னு வந்துட்டேன்."

"நீங்க சரியாத்தான் வாசிச்சீங்கக்கா. நான்தான் பார்க்கல," என்றார் அரைப்புள்ளி.

"அது தெரியுது."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழைய புத்தகத்தை எடுத்தார். "உட்பிரிவு நான்கு," என்று வாசிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு மீதமிருந்த பக்கங்களை ஒரு குறையும் இல்லாமல் வாசித்து முடித்தார். அடுத்த மூன்று வாரமும் நிறுத்தற்குறிகளைத் தவிர அவரிடம் வேறு எதுவும் பேசவில்லை.

அறிக்கை போயிற்று. மென்பொருள் சொன்னது மூன்றும் உண்மை. இயக்குநர் மறுபடி கூட்டம் போட்டார். இந்தத் தடவை அக்காவையும் வரச்சொன்னார்கள். அவருக்கு நாற்காலி போடவில்லை.

"ரெண்டு பதிப்பும் வேறுபடுதுன்னு மென்பொருள் சொல்லுது. சரி. எது தப்புன்னு சொல்லுதா?" என்று இயக்குநர் கணினிப் பிரிவு அதிகாரியிடம் கேட்டார்.

"இல்ல சார். வேறுபாடு மட்டும்தான்."

"அப்ப அதை நாமதான் முடிவு பண்ணணும். புதிய பதிப்புக்குச் சான்று இருக்கு. கையெழுத்து இருக்கு. அதுக்காக ஒரு பலகையே குடுத்திருக்கோம். பழைய பதிப்புக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. ஆகவே பழைய பதிப்புதான் தப்பு."

"பழசைப் பார்த்துத்தானே சார் புதுசை அச்சடிச்சோம்?" என்றார் அரைப்புள்ளி.

"அது அச்சடிக்கும்போது. இப்ப நாம நிர்வாகம் பண்றோம்."

கணினிப் பிரிவு அதிகாரி ஏற்கெனவே கணினியைத் திறந்து வைத்திருந்தார். பழைய கோப்பில் 'காது' என்ற இரண்டு எழுத்தை அழித்து 'கும்' என்று அடித்தார். மென்பொருளை மறுபடி ஓடவிட்டார். ஆண்டும் முகவரியும் மட்டும் வந்தன. நாற்பத்தேழாம் விதியில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

இயக்குநர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல மென்பொருள்," என்றார். "நான்தான் தப்பா நினைச்சுட்டேன். ஒத்துப்போகுதுன்னு எவ்வளவு சுத்தமா சொல்லுது பாருங்க. இதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். நீங்க படிவம் ஒன்பதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

படிவம் தயாராக இருந்தது. கண்காணிப்பாளர் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தார். அரைப்புள்ளி வாங்கினார். கை பழக்கதோஷத்தில் கையெழுத்து இடத்துக்குத் தானாகப் போயிற்று. முதல் எழுத்தின் சுழி விழுந்துவிட்டது என்பதை அவர் பின்னால் ஒருபோதும் மறைத்ததில்லை. அப்போதுதான் அக்கா நின்றிருந்த பக்கம் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பழைய அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மின்கோப்பு ஆவணமாகாது. அச்சிட்ட தாளே ஆவணம். கையேட்டுல முதல் பக்கம்," என்றார் அவர்.

"அதனால?"

"அக்கா, அந்த வரியை வாசிங்கக்கா."

அக்கா வாசித்தார். காற்புள்ளியோடு, முற்றுப்புள்ளியோடு, அதே சீரான குரலில். 'மறுக்கலாகாது' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாக.

அவர் படிவத்தைப் பார்த்தார். அதில் இருந்தது ஒரே வரி. அடிக்கோலை 'இல்லை'யின் மேல் வைத்து, நேராக ஒரு கோடு கிழித்தார். மேலே 'உண்டு' என்று எழுதினார். கீழே, இடம் இல்லாத இடத்தில், 'முதற்சான்றின்போது பார்க்கத் தவறியவன் நான்' என்று எழுதி, ஏற்கெனவே விழுந்திருந்த சுழியிலிருந்து கையெழுத்தை முடித்தார்.

"உங்க மேலயே எழுதிக்கிறீங்களா?" என்றார் கண்காணிப்பாளர். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அவர் பார்த்ததில்லை.

"வேற யார் பேரையும் போட முடியாது சார். வாசிச்சது சரியா இருந்துச்சு."

இயக்குநர் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னார். படிவத்தை ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று அரைமணி நேரம் தேடினார்கள். சான்று கையெழுத்தானால் பதிவேட்டில் ஏற்றியே ஆகவேண்டும் என்று இருந்தது. வேறுபாடு உண்டு எனச் சான்று வந்தால், திருத்தம் வெளியாகும்வரை முந்தைய பதிப்பே செல்லும் என்று இருந்தது. அந்த விதியை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. அதனால் அதை எடுத்துவிடவேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. பதிவேட்டு எழுத்தர் வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், எப்போதும்போல எண் போட்டு முத்திரை குத்திக்கொண்டு போய்விட்டார்.

அக்கா மறுநாளே விண்ணப்பம் எழுதினார். மறுக்கமுடியாததால் அலுவலகம் அதைத் தாமதப்படுத்த மட்டும் செய்தது. ஏழு வாரத்தில் உத்தரவு வந்தது.

கடைசி நாள் அக்கா மேசையைத் துடைத்தார். அரைப்புள்ளி மன்னிப்புக் கேட்பதற்காக வீட்டிலேயே இரண்டு வாக்கியம் தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் 'தாங்கள்' என்றெல்லாம் வந்தது. சொல்ல ஆரம்பித்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இத்தனை வருஷத்துல உங்க மேல கோபப்பட எனக்கு ஒரு விஷயமும் கிடைச்சதில்ல. இப்போ பெரிசா ஒண்ணு கிடைச்சிருக்கு. இங்க வெச்சு அவசரமா கோபப்பட எனக்கு இஷ்டமில்ல. ஊருக்குப் போய், அவர்கூட உட்கார்ந்து, நிதானமா கோபப்பட்டுக்கிறேன்."

"முடிஞ்சதும் சொல்லுங்கக்கா," என்றார் அவர்.

"வருஷக்கணக்காகும்," என்றார் அக்கா. போய்விட்டார்.

மரப்பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் மேசை கொஞ்சம் புது நிறமாக இருந்தது. அவர் அங்கே தண்ணீர்க் குவளையை வைத்துக்கொண்டார். வசதியாகத்தான் இருந்தது.

பிறகு அவர் மேல் குறிப்பாணை தயாரானது. அலுவலகத்தில் எந்தக் குறிப்பாணையும் இரண்டு படியாக இருக்கும். ஒன்று சம்பந்தப்பட்டவருக்கு. மற்றது கோப்புக்கு. பிற்காலத்தில் எல்லா முடிவும் கோப்புப் படியைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று ஒப்புநோக்குப் பிரிவு சான்று தரவேண்டும். ஒப்புநோக்குப் பிரிவில் இப்போது இருந்தது ஒரே ஆள். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன்னைக் கண்டிக்கும் குறிப்பாணையின் இரண்டு படிகளும் அச்சுத் தாளாகவும் கோப்பாகவும் அவருக்கே வந்து சேர்ந்தன.

அவர் முறைப்படி செய்தார். ஒரு வரியைத் தானே சத்தமாக வாசிப்பார். பிறகு அடிக்கோலை வைத்து மற்றதைப் பார்ப்பார். தன்னைப் பற்றி எழுதியிருந்ததை நிறுத்தற்குறிகளோடு வாசிப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "இவரது காற்புள்ளி பொறுப்பற்ற காற்புள்ளி கவனமற்ற போக்கு" என்று வந்த இடத்தில், எழுதியவருக்கு நல்ல நடை என்று நினைத்துக்கொண்டார். ஒன்றரைப் பக்கம். முடித்தார். வேறுபாடு ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த இலவச மென்பொருளைத் திறந்து, இரண்டு கோப்பையும் போட்டு அமுக்கினார்.

ஒரு வேறுபாடு.

அவருக்கு வந்த படியில் 'இவர் பதவி உயர்வுக்குத் தகுதியற்றவர் எனக் கருதப்படுகிறார்' என்று இருந்தது. கோப்புப் படியில் 'தகுதியுற்றவர்' என்று இருந்தது. தட்டச்சு செய்தவர் கை தவறி ஓர் உகரத்தைச் சேர்த்துவிட்டிருந்தார்.

அவர் சிரிக்கத்தான் நினைத்தார். அந்த வருஷம் பதவி உயர்வு கிடைத்துவிடும் என்று மனைவியிடம் மூன்று வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும். போன நிமிஷம் அவர் கண்ணுக்கே தெரியாமல் போன உகரம் அது. தெரியாததைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்கூட இல்லை. அப்படி நினைத்தபோது அவர் எவ்வளவு நேர்மையான மனிதராக உணர்ந்தார் என்பதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. இருந்திருந்தால் இந்த வரியை எப்படி வாசித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தார். பிறகு இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனார்.

"என்ன, கையெழுத்தாச்சா?"

"இல்ல சார். ஒரு வேறுபாடு இருக்கு. திருத்தி அனுப்பணும்."

கண்காணிப்பாளருக்குச் சலிப்பாக இருந்தது. தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மறுபடியும் புள்ளியா?"

"இல்ல சார். ஒரு உகரம்."

"ஒரு உகரத்துக்காகவா திருப்பி அனுப்புறீங்க? அப்படி என்ன பெரிய விஷயம்?"

"எனக்குக் கொஞ்சம் பெரிசுதான் சார்," என்றார் அவர். சிவப்புப் பென்சிலால் தகுதியுற்றவரைச் சுற்றி வட்டம் போட்டு, தாளை அவர் மேசைமேல் வைத்தார்.